விமானக் கதிர்வீச்சுக்கு என்று விற்கும் இரண்டு பொருள்: கைகர் கருவியை வாங்கலாம், ‘குவாண்டம்’ டாலரைத் தொடவே வேண்டாம்

சுங்கை சிப்புட் பட்டணத்துக் கைப்பேசிக் கடையொன்றின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு சரக்கு ஒன்றையொட்டி ஒன்று கிடக்கிறது. ஒன்று, கதிர்வீச்சை எண்ணிக் காட்டும், சட்டைப் பையில் அடங்கும் கைகர் கருவி. மற்றது, கறுப்புத் தகடாகச் சங்கிலியில் தொங்கும் ‘குவாண்டம்’ டாலர். இரண்டுக்கும் கடைக்காரர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: “அண்ணே, பிளைட்ல மேல போனா வானத்துக் கதிர் அடிக்கும். இது கையில இருந்தா கவலை இல்ல.” வருஷத்துக்கு ஒரு தடவை திருச்சிக்கும் சென்னைக்கும் கோயில், கல்யாணம் என்று போய்வருகிற குடும்பங்களும், லண்டனில் பிள்ளையைப் படிக்க வைத்திருக்கிற தோட்டத்து ஆட்களும் வாங்குகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவி நல்ல சாமான், ஆனால் கடைக்காரர் சொல்லும் வேலைக்கு அல்ல. விமானத்தில் உடம்பு வாங்கிய அளவு எவ்வளவு என்ற கேள்விக்கு அதன் திரையில் தெரிகிற எண் பதில் ஆகாது. அதற்கு இலவசமாகவே வேறு வழி உண்டு. டாலர் விஷயத்தில் இரண்டாம் யோசனையே கிடையாது.

உள்ளே இருக்கும் உறுப்பு முதலில். இங்கே பேசுவது எம்4011 என்ற கண்ணாடிக் குழாய் போட்ட கருவிகளைப் பற்றி. பல பெயர்களில் வருகின்றன. உள்ளே குழாய் ஒன்றே. சுண்டுவிரல் தடிமனும் ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாய்க்குள் குறைந்த அழுத்தத்தில் வாயு. நடுவில் மெல்லிய கம்பி. அதற்கு 400 வோல்ட்டை ஒட்டிய மின்னழுத்தம். கதிர் ஒன்று உள்ளே புகுந்து வாயுவை அயனியாக்கினால் ஒரு மின்துடிப்பு, ஒரு ‘டிக்’. ஒரு நிமிடத்தில் எத்தனை டிக் என்பதுதான் சிபிஎம். கருவி உண்மையில் அளப்பது இது ஒன்றைத்தான். பக்கத்தில் தெரிகிற மைக்ரோசீவெர்ட் எண், அதாவது உடம்பு வாங்கும் கதிர் அளவு, சிபிஎம்மை 0.0065 ஆல் பெருக்கிப் போட்டது. 1,000 சிபிஎம் என்றால் மணிக்கு 6.5 மைக்ரோசீவெர்ட். அந்தப் பெருக்கும் எண் சீசியம்-137 போன்ற கதிரியக்க மூலத்திலிருந்து வரும் காமாக் கதிருக்காக வைத்தது. வானத்தில் சீசியம் இல்லை. வானில் கருவியின் குறை தொடங்குவது இந்த இடத்தில்தான்.

மேலேயிருந்து வருவது என்ன? விண்வெளியிலிருந்து வரும் துகள்களில் பத்துக்கு ஒன்பது பங்கு புரோட்டான். மிச்சத்தில் பெரும்பகுதி ஹீலியம் அணுக்கரு. கொஞ்சம் கனமான அணுக்கரு. இவை காற்று மண்டலத்தின் உச்சியில் மோதிச் சிதறி நியூட்ரான், மியூயான் (எலக்ட்ரானைப் போன்ற, ஆனால் கனமான துகள்), எலக்ட்ரான், காமா என்று ஒரு பெருமழையாக இறங்குகின்றன. கடல் மட்டத்தில் நமக்கு வந்து சேர்வது பெரும்பாலும் மியூயான்: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, அதாவது விரல் நகத்தின் அளவுக்கு, நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்று. மேலே போகப் போகக் கூடும் என்பதை 1912 ஆகஸ்டில் பலூனில் 5,300 மீட்டர் வரை ஏறிக் காட்டியவர் விக்டர் ஹெஸ். முதலில் தரையின் கதிர் விலகுவதால் அளவு சற்று இறங்கி, பிறகு ஏறியது என்பதே அவர் கண்டது. 1936இல் நோபல் பரிசு.

இந்தக் கணக்கைக் கையில் உள்ள குழாய்க்குப் போட்டுப் பாருங்கள். மேலிருந்து பார்த்தால் குழாயின் பரப்பு ஏறத்தாழ 6, 7 சதுர சென்டிமீட்டர். அப்படியானால் தரையில் தெரிகிற 20 சிபிஎம்மில் 6, 7 டிக் மியூயானுடையது. மீதி மண், சுவர், ஓடு, குழாயே தன்னுள் வைத்திருக்கும் சிறு எண்ணிக்கை. மின்னூட்டம் உள்ள மியூயான் குழாயைக் கடந்தால் கிட்டத்தட்ட ஒவ்வொன்றும் எண்ணப்படும். காமாக் கதிரிலோ நூறில் ஒன்றுதான் எண்ணிக்கையில் விழும். பெருக்கும் எண் காமாவுக்கானது என்பதால் மியூயானைக் கருவி கூட்டிச் சொல்கிறது. நியூட்ரானோ இந்தக் குழாய்க்குத் தெரியவே தெரியாது. துருவத்தை நோக்கிப் போகும் வழித்தடங்களில் விமான உயரத்தில் உடம்பு வாங்கும் அளவில் பாதி வரை நியூட்ரானால் வருவது. ஆக, ஒரு பக்கம் கூட்டிச் சொல்லும் தப்பு, இன்னொரு பக்கம் அடியோடு விட்டுவிடும் தப்பு. சில உயரங்களில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டி, திரையில் தெரியும் எண் உண்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். அதைப் பார்த்து “சரியாத்தானே காட்டுது” என்று நம்பிவிடக் கூடாது. தராசின் இரண்டு தட்டிலும் கள்ளக் கல் வைத்து முள்ளை நேராக நிறுத்தியது போலத்தான் அது.

இனி நம் வானம். பூமியின் காந்தப்புலம் விண்துகள்களைத் தள்ளிவிடுகிறது. துருவத்தில் தள்ளும் வலு இல்லை, நிலநடுக்கோட்டுப் பக்கம் மிக அதிகம். எவ்வளவு வேகமான துகள் உள்ளே வர முடியும் என்பதை, ஒரு வாசற்படியின் உயரம் போல, ஜிகாவோல்ட் கணக்கில் சொல்வார்கள். உலகத்திலேயே இந்த வாசல் மிக உயரமாக இருப்பது தென் ஆசியா, தென்கிழக்கு ஆசியாப் பகுதியில்தான்: ஏறத்தாழ 17 ஜிகாவோல்ட். தாய்லாந்தின் டோய் இந்தானோன் மலை உச்சியில் நியூட்ரானை அளக்கும் நிலையத்தின் வாசல் 16.8, உலகத்தில் இயங்கும் அத்தகைய நிலையங்களில் அதுவே உச்சம். கோலாலம்பூரிலிருந்து சென்னைக்கோ திருச்சிக்கோ போகும் விமானம் முழுப் பயணத்தையும் இந்தக் குடைக்குள்ளேயே முடித்துவிடுகிறது. இவ்வளவு குறைந்த கதிர் உள்ள வழித்தடம் உலகத்தில் வேறு தேடினாலும் சிரமம். அந்த வழிக்குத்தான் டாலர் விற்கிறார்கள்.

எண்ணில் சொன்னால்: 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் இந்தப் பக்கம் மணிக்கு 2 முதல் 3 மைக்ரோசீவெர்ட். ஐரோப்பாவின் மேல் அதே உயரத்தில் 4, 5, சில வருஷங்களில் அதற்கும் மேல். சென்னைக்கு நாலு மணி நேரப் பயணத்தில் ஏற்றம் இறக்கம் போக உச்ச உயரத்தில் இருப்பது மூன்று மணி நேரம் என்று வைத்தால், ஒரு வழிக்கு 6 முதல் 9 மைக்ரோசீவெர்ட். மண், சுவர், காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு, சாப்பாடு, வானம் எல்லாம் சேர்த்து ஒரு மனிதன் இயற்கையாக வாங்குவதன் உலகச் சராசரி வருஷத்துக்கு 2.4 மில்லிசீவெர்ட், நாளுக்கு 6.6 மைக்ரோசீவெர்ட். சென்னைப் பயணம், ஒரு நாள் வாழ்ந்தால் எப்படியும் வருவதற்குச் சமம். லண்டனுக்கு 14 மணி நேரத்தில் 35 முதல் 50 வரை. பெரிய ஆஸ்பத்திரியில் எடுக்கும் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று ஏறத்தாழ 20; நெஞ்சுக்கு சிடி ஸ்கேன் எடுத்தால் 6,000, 7,000. மைக்ரோ எது, மில்லி எது என்று குழம்பித்தான் பலர் பயப்படுகிறார்கள். ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி. இதைக் கடைக்காரர் வாயிலிருந்து கேட்க முடியாது.

விமானத்தில் கருவியைக் கொண்டுபோக விரும்புகிறவர்களுக்குச் செய்முறை. முதல் நாளே மின்கலத்தை முழுக்க ஏற்றி, நேரத்தைச் சரிசெய்து, பதிவை நிமிடத்துக்கு ஒன்று என்று வையுங்கள். நொடிக்கு ஒன்று என்று வைத்தால் நினைவகம் சீக்கிரம் நிறையும், வரைபடமும் முள்வேலி மாதிரி இருக்கும். டிக் சத்தத்தையும் எச்சரிக்கை ஒலியையும் கட்டாயம் அணைக்க வேண்டும். தரைக்கான எச்சரிக்கை அளவு 100 சிபிஎம் என்று பெட்டியிலிருந்தே வந்திருந்தால், விமானம் முழு உயரத்துக்கு ஏறும் முன்பே அது கத்த ஆரம்பிக்கும். பக்கத்து இருக்கை ஆளுக்கு நீங்கள் விளக்கம் சொல்லி மாளாது. கருவியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். லித்தியம் மின்கலம் இருப்பதால் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புவது சரியில்லை.

இன்னொன்று. பாதுகாப்புச் சோதனையில் கைப்பை எக்ஸ்ரே இயந்திரத்துக்குள் போகும்போது பதிவு ஓடிக்கொண்டிருந்தால், அந்த ஒரு நிமிடத்தில் எண்ணிக்கை விண்ணுக்குத் தாவும். வீட்டுக்கு வந்து வரைபடத்தைப் பார்த்து, “ஏர்போர்ட்லயே இவ்வளவா!” என்று குடும்பக் குழுவில் போட்டுப் பீதி கிளப்புவது வழக்கமாகிவிட்டது. அது பைக்குள் இருந்த கருவி வாங்கியது, நீங்கள் வாங்கியது அல்ல. ஆட்களை நிற்க வைத்துச் சோதிக்கும் மில்லிமீட்டர் அலைக் கூண்டில் அயனியாக்கும் கதிர் கிடையாது. சோதனை முடிந்த பிறகே பதிவைத் தொடங்கினால் இந்தக் குழப்பம் இல்லை.

புறப்படும் வாசலில் உட்கார்ந்திருக்கும்போது பத்து நிமிடம் தரை அளவு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிட எண்ணை நம்புவதில்தான் பெரும்பாலான தப்பு பிறக்கிறது. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் தடுமாற்றம். 20 டிக் வந்தால் கூடக்குறைய 4.5, அதாவது ஒரே இடத்தில் ஒரு நிமிடம் 15, அடுத்த நிமிடம் 25 காட்டுவது சாதாரணம். பத்து நிமிடம் எண்ணி 200 வந்தால் தடுமாற்றம் 14; சிபிஎம் 20, கூடக்குறைய 1.4. நூறு நிமிடம் எண்ணினால் இன்னும் இறுகும். மேலே போனதும் இந்தத் தொல்லை தானாகக் குறைகிறது, ஏனென்றால் எண்ணிக்கையே பெருகிவிடுகிறது.

இருக்கையில் முன்பக்கப் பைக்குள் வைத்துவிட்டால் போதும். ஜன்னலோரமா நடுவா என்பதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த அலுமினியத் தோல் இந்தக் கதிருக்குக் கொசுவலை மாதிரி. ஆனால் ஜன்னல் வெயில் நேராகக் கருவியின் மேல் விழாமல் பாருங்கள். கண்ணாடிக் குழாய்களில் சில, வெளிச்சத்துக்கும் டிக் போடும். உறைக்குள் வைத்தால் தீர்ந்தது. இரவு விமானம் எடுத்தால் கதிர் இல்லை என்று ஒரு பேச்சு தோட்டத்தில் உலவுகிறது. இது சூரிய வெயில் அல்ல, நட்சத்திர வெளியிலிருந்து எல்லாத் திசையிலும் வருவது. பகலும் இரவும் ஒன்றுதான்.

திரையில் என்ன எதிர்பார்க்கலாம்? புறப்பட்டு ஓரிரு நிமிடத்தில் தரையின் காமா விலகி எண் இறங்க வேண்டும். ஹெஸ் கண்ட அதே பள்ளம்தான். ஆனால் விமானம் அந்த உயரத்தை மளமளவென்று தாண்டிவிடுவதால், 20 டிக்கோடு ஓடும் குழாயில் அந்தப் பள்ளம் தடுமாற்றத்துக்குள் மறைந்துபோகும். தெரிந்தால் அதிர்ஷ்டம். பிறகு ஏற்றம் தொடங்கும். நம் பக்கத்து வானில் உச்ச உயரத்தில் தரையைப் போல் பத்து மடங்கு அளவில், 200 சிபிஎம்மை ஒட்டி எதிர்பார்க்கலாம். 0.0065 ஆல் பெருக்கினால் 1.3 மைக்ரோசீவெர்ட். கணிப்பு நிரல்கள் அதே இடத்துக்கு 2க்கு மேல் சொல்லும். கருவி பொய் சொல்லவில்லை. தனக்குத் தெரிந்ததை மட்டும் எண்ணிவிட்டு, தெரியாததற்கும் சேர்த்து ஒரு பெருக்கும் எண்ணைப் போடுகிறது. ஆகவே வானில் சீவெர்ட் எண்ணை மூடிவிட்டு சிபிஎம்மை மட்டும் பாருங்கள். 31,000 அடிக்கும் 37,000 அடிக்கும் நடுவே எவ்வளவு கூடியது, இந்தியாவின் வடக்கே போனதும் எப்போது ஏறத் தொடங்கியது என்ற ஒப்பீட்டுக்கு இது அருமையான சாமான். லண்டன் பயணத்தில் காஸ்பியன் கடல் தாண்டியபின் எண்ணிக்கை படிப்படியாக ஏறுவதைப் பார்ப்பது, காந்தப்புலம் என்ற கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கோடாகப் பார்ப்பதுதான். ஐரோப்பாவின் வடபாதிக்குப் போனபின் ஏற்றம் தணியும். அங்கே காந்தக் குடை ஏற்கெனவே ஓட்டையாகிவிட்டது, இனிக் காற்று மட்டுமே தடை.

வாங்கிய அளவு தெரிய வேண்டும் என்றால் கணிப்பு நிரலுக்குப் போங்கள். அமெரிக்க விமான நிர்வாகத்தின் ஓக்லஹோமா சிட்டி மருத்துவ நிலையம் தயாரித்த காரி-7 இலவசம். விண்டோஸ் கணினியில் ஓடும். கேட்பது இவ்வளவுதான்: பயண மாதமும் வருஷமும், புறப்படும் இடம், சேரும் இடம், ஏறிய நிமிடம், எந்த உயரத்தில் எத்தனை நிமிடம், இறங்கிய நிமிடம். இடத்துக்குப் பயணச்சீட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறி செல்லாது. நாலெழுத்துக் குறி வேண்டும். கேஎல்ஐஏவுக்கு டபிள்யூஎம்கேகே, சென்னைக்கு விஓஎம்எம், திருச்சிக்கு விஓடிஆர், லண்டன் ஹீத்ரோவுக்கு ஈஜிஎல்எல், ஈப்போவுக்கு டபிள்யூஎம்கேஐ. உயரத்தை அடியில் போட வேண்டும். மீட்டரில் போட்டுவிட்டு “ஒண்ணுமே இல்லையே” என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு. மலிவு விமானத்தில் முன்னால் திரை கிடையாது என்றால், தரை இறங்கிய பிறகு ஃபிளைட்ரேடார்24இல் அந்தப் பயணத்தைத் தேடினால் நிமிடவாரியாக உயரம் கிடைக்கும். நிரல் இரண்டு ஊருக்கும் நடுவே மிகக் குறுகிய பாதையைப் பிடித்துக்கொள்கிறது. விமானம் சுற்றிப் போயிருந்தால் சிறு வித்தியாசம் வரும். லண்டன் போன்ற நீண்ட பயணத்தில் அதைக் கவனத்தில் வைக்க வேண்டும், சென்னைக்குத் தேவையில்லை. படிவம் நிரப்பப் பொறுமை இல்லாதவர்களுக்கு பிரான்ஸ் நாட்டின் சீவெர்ட் என்ற இணையச் சேவை எளிது.

மாதம் ஏன் கேட்கிறது என்றால், சூரியனுக்காக. சூரியன் கொதிக்கும் காலத்தில் அதன் காந்தக் காற்று விண்துகள்களைத் தள்ளி விமானக் கதிர் குறையும். அடங்கியிருக்கும் காலத்தில் கூடும். பதினோரு வருஷச் சுற்று. இப்போதைய சுற்று 2019 டிசம்பரில் தொடங்கி 2024ஐ ஒட்டி உச்சத்துக்கு வந்தது. 2024 மே மாதம் பெரும் சூரியப் புயல் அடித்தபோது நம் ஊர்க் குழுக்களில் “இன்னிக்குப் பிளைட் ஏறாதீங்க” என்று செய்தி ஓடியது. அந்தப் புயலின் துகள்களுக்கு நம் 17 ஜிகாவோல்ட் வாசலைத் தாண்டும் வலு கிடையாது. அதே புயல் வழக்கமான விண்துகள்களையும் ஒதுக்கித் தள்ளுவதால், அந்த நாள்களில் நம் பக்கம் கதிர் குறையவே செய்யும். கவலைப்பட வேண்டியவர்கள் துருவ வழித்தடத்தில் பறப்பவர்கள். அவர்களுக்காகத்தான் விமான நிறுவனங்கள் புயல் நேரத்தில் உயரத்தைக் குறைப்பதும் பாதையைத் தெற்கே நகர்த்துவதும்.

கர்ப்பிணிகள் கேட்பதுண்டு. வயிற்றுப் பிள்ளைக்குப் பன்னாட்டுக் கதிர்ப் பாதுகாப்பு வல்லுநர்கள் பிடிக்கும் கோடு, கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு மிச்சக் கர்ப்பகாலம் முழுவதற்கும் 1 மில்லிசீவெர்ட். அது வேலை நிமித்தம் பறக்கும் பெண்களுக்காக வைத்த அளவு. சென்னைக்குப் போய்வர 15 மைக்ரோ என்று வைத்தால், அந்தக் கோட்டைத் தொட அறுபது தடவைக்கு மேல் போய்வர வேண்டும். விமானப் பணிப்பெண்ணாக, பணியாளராகச் சேர்ந்திருக்கும் நம் பிள்ளைகளின் கணக்கு வேறு. நம் வட்டாரத்துக்குள்ளேயே வருஷம் 900 மணி நேரம் பறந்தால் 2 மில்லிசீவெர்ட்டை ஒட்டி வரும். ஐரோப்பா வழி அதிகம் கிடைத்தால் அதற்கு மேல். அவர்கள் ஒவ்வொரு பயணத்தையும் நிரலில் போட்டு ஒரு நோட்டில் வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். கைகர் கருவியைச் சுமக்க வேண்டியதில்லை.

இப்போது டாலர். எரிமலைக் கல், எதிர்மின் அயனி, ஸ்கேலார் சக்தி என்று பெட்டியில் என்னென்னவோ அச்சடித்திருக்கும். விமானக் கதிரைத் தடுக்குமா என்ற கேள்விக்கு அரை வரி போதும்: 11 கிலோமீட்டர் உயரத்தில் ஊடுருவி வரும் மியூயானையும் நியூட்ரானையும் ஐந்து காசு அளவுத் தகடு தடுக்காது. ஈயத் தகடு கட்டிக்கொண்டாலும் பயனில்லை. அதில் மோதி இன்னும் நாலு துகள் சிதறும். ஆனால் பிரச்சினை, பயனில்லை என்பதோடு நிற்கவில்லை. அயனி வெளியிடுகிறது என்று காட்ட வேண்டுமே, அதற்காக இந்த வகைச் சரக்கில் பலவற்றில் தோரியம், யுரேனியம் உள்ள கனிமப் பொடியைக் கலக்கிறார்கள். 2021 டிசம்பரில் நெதர்லாந்தின் அணுக்கதிர்ப் பாதுகாப்பு அமைப்பு இப்படிப்பட்ட பத்துப் பொருள்களை, டாலர்களும் கைவளையும் தூக்கக் கண்மூடியும் உட்பட, கதிரியக்கம் உள்ளவை என்று அறிவித்து, போட்டிருப்பவர்கள் கழற்றி வைக்கச் சொன்னது. வேலியே பயிரை மேய்ந்த கதை.

தோரியம் என்றால் பேராக்காரர்களுக்கு அந்நியம் இல்லை. வெள்ளீயம் எடுத்துவிட்டு மிச்சமாகக் கிடக்கும் அமாங் மணலில் இருக்கும் மோனசைட் என்ற கனிமத்துக்குள் இருப்பது அதுதான். ஈப்போவுக்குப் பக்கத்தில் புக்கிட் மேராவில் அரிமண் ஆலையின் தோரியக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் வருஷக்கணக்காக நீதிமன்றப் படி ஏறிய வட்டாரம் இது. அதே தோரியத்தை நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து வாங்கி நெஞ்சுக்குழியில் தொங்கவிடுவதை என்னவென்று சொல்ல? விமானத்தில் நாலு மணி நேரம் வாங்குவதற்குப் பயந்து, இருபத்துநாலு மணி நேரமும் தோலோடு ஒட்டிய மூலம்.

கைகர் கருவி தன் விலையைச் சம்பாதிப்பது இங்கேதான். டாலரைச் சோதிக்கும் முறை: மரமேசையில் கருவியை வைத்துப் பத்து நிமிடம் வெறும் எண்ணிக்கை. 200 வந்தது என்று வையுங்கள். பிறகு குழாய் இருக்கும் பக்கத்தில், துளைகள் உள்ள முகத்தோடு டாலரை ஒட்டி வைத்து அதே இடத்தில் பத்து நிமிடம். 265ஐத் தாண்டினால் தற்செயல் என்று சொல்ல இடமில்லை. சரக்குக்குள் ஏதோ இருக்கிறது. தோரியம் கலந்தது என்றால் பெரும்பாலும் பத்து நிமிடம்கூட வேண்டாம், டிக் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். நடுவே ஒரு தாளையும் பிறகு சில மில்லிமீட்டர் அலுமினியத்தையும் வைத்துப் பார்த்தால், தாளுக்கு அசையாமல் அலுமினியத்துக்குக் குறைவது பீட்டாக் கதிர் என்று தெரியும். ஆல்பாவை இந்தக் கண்ணாடிக் குழாய் பார்க்காது. எண்ணிக்கை கூடவில்லை என்றால் டாலர் வெறும் கல், காசுதான் நஷ்டம்.

கதிர் உள்ளது என்று தெரிந்த டாலரை அரைக்கவோ உடைக்கவோ எரிக்கவோ கூடாது. பொடி மூச்சில் போவதுதான் கழுத்தில் போடுவதைவிடக் கெட்டது. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, ஆட்கள் படுக்காத மூலையில் வைத்துவிட்டு அணுசக்தித் துறையைக் கேளுங்கள். 1984ஆம் ஆண்டின் 304ஆம் சட்டத்தின்கீழ் கதிரியக்கப் பொருள் அவர்கள் பொறுப்பு.

கருவியை வீட்டில் பழக்கிக்கொள்ள நம் ஊரில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. கோயிலில் கருங்கல் பீடத்தின் மேல் வைத்தால் வெளிப்பிரகாரத்து மண்ணைவிடக் கூடும். கருங்கல்லில் யுரேனியமும் தோரியமும் பொட்டாசியமும் இயற்கையாகவே உண்டு. பழைய கேஸ்லைட் மேன்டல், பாசார் மாலாம் வியாபாரம் அந்த விளக்கில் நடந்த காலத்தது கிடைத்தால், அதில் தோரியம் இருக்க வாய்ப்பு அதிகம். சாயங்காலம் கொட்டித் தீர்க்கும் மழைக்குப் பிறகு காடியின் முன்மூடியை ஒரு டிஷ்யூவால் துடைத்து உடனே குழாயில் வையுங்கள்; எண் ஏறும், அரை மணிக்கு ஒரு தடவை பாதியாகிக் குறையும். ரேடான் சிதைந்து பிறந்து, மழை கழுவி இறக்கிய வழித்தோன்றல்கள் அவை. மழை பெய்தால் கருவி கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

வானத்துக் கதிரை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும் என்றால் லுமுட்டிலிருந்து பங்கோர் போகும் படகு. நடுக்கடலில் மண்ணும் சுவரும் விலகிவிடுகின்றன. மிஞ்சுவது வானமும் குழாயின் சொந்த எண்ணிக்கையும்தான். வீட்டு எண்ணில் பாதிக்குக்கூட இறங்கலாம். கேமரன் மலைக்குக் கொண்டுபோய் “1,500 மீட்டரில் கூடியது” என்று சொல்வது சரிவராது. அங்கே உயரமும் கருங்கல்லும் கலந்து வரும், எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது.

குறைகளில் ஒன்று நம் காற்று. 400 வோல்ட் ஓடும் சின்னப் பலகையில் ஈரம் ஏறினால் மின்சாரம் கசிந்து பொய் டிக் வரும். செம்பனைத் தோட்டத்து லயத்தில், ஜன்னலோர அலமாரியில் மாதக்கணக்காகக் கிடந்த கருவி திடீரென்று 60, 70 காட்டினால் முதல் சந்தேகம் ஈரம்தான். மூடியுள்ள டப்பாவில் இரண்டு சிலிக்கா பொட்டலத்தோடு ஒரு ராத்திரி வைத்து மறுபடி எண்ணுங்கள். இரண்டாவது, குழாய் கண்ணாடி. ஒரு தடவை சிமென்ட் தரையில் விழுந்தால் கதை முடிந்தது; டிக் ஒன்றுகூட வராது. மாற்றுக் குழாய் இணையத்தில் மலிவு, ஆனால் முனைகளில் சூடு வைத்து ஈயம் பற்றவைத்தால் கண்ணாடி விரியும். கிளிப்பில்தான் செருக வேண்டும், நேர்முனையும் எதிர்முனையும் மாறாமல்.

பணத்தைக் கொடுக்கும் முன் கடையிலேயே பத்து நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். 150க்கும் 300க்கும் நடுவே டிக் வர வேண்டும். சுழியமோ ஆயிரமோ வந்தால் வேறு பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். ஆனால் அதே கண்ணாடிப் பெட்டிக்குள், டாலருக்குப் பக்கத்தில் வைத்து எண்ணாதீர்கள். கருவியைக் கடைக்கு வெளியே நடைபாதைக்கு எடுத்து வந்து எண்ணுங்கள்.